பனிக்குள்ளே தூங்கும் செரி மரம்



நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தபோது, லயத்து வாசற்படி ஓரத்தில் ஒரு பழைய பால்மா டின்னைக் கண்டேன். டின் நிறைய மண். ஈரம் காயாமல் யாரோ பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆனால் மண்ணில் ஒரு புல்கூட இல்லை.

"என்னம்மா இது?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"செரிக் கொட்டைங்க ஐயா. மக லெபனானுல வேல செஞ்சிட்டு வந்தப்ப கொண்டாந்திச்சி. அங்க மலையில நம்ம ஊரு மாதிரியே குளிராம். மரமெல்லாம் செவப்பா காய்ச்சித் தொங்குமாம். நானும் எட்டு மாசமா தண்ணி ஊத்துறேன். ஒண்ணையும் காணோம்" என்றார்.

"குளிர் பத்தலம்மா" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தை மாதத்து விடியலில் கொழுந்தெடுக்கப் போகும் கை அது. விரல் மரத்துப்போய், கொழுந்து கூடைக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்றுகூடத் தெரியாமல் எத்தனை நாள் நின்றிருக்கும்? "இந்தக் குளிரு பத்தாதுங்களா?" என்று சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். எனக்கும் அங்கே நின்று முழுவதையும் சொல்ல நேரம் இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மகள் சொன்னதில் பொய் இல்லை. லெபனானில் ஹம்மானா என்றொரு மலையூர் செரிப்பழத்துக்கே பேர்போனது. ஆனால் அந்த நாட்டு மலைகளில் மாரி காலத்தில் பனி விழுந்து மூடும். நமது நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் இரவில்தான் குளிர். பகலில் வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறோம். வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். தண்ணீர் ஐஸ் ஆவது பூச்சியம் பாகையில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு படிக்க இலகுவாக இருக்கும்.

செரி மரம் வருடத்தில் சில மாதம் தூங்க வேண்டிய மரம். இலையெல்லாம் கொட்டி, மொட்டுகளை இறுக மூடி, அசையாமல் கிடக்கும். பூச்சியத்துக்கும் 7 பாகைக்கும் இடைப்பட்ட குளிர் ஏறக்குறைய 1,000 மணித்தியாலங்கள் சேர்ந்தால்தான் பல இனங்களுக்குத் தூக்கம் தீரும். அது தீராவிட்டால் வெயில் வந்தாலும் மொட்டு ஒழுங்காக விரியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை வரும், பூ வராது. நமது மலையில் மரத்துக்குத் தூங்கவும் முடியாது, முழுதாக விழித்திருக்கவும் முடியாது. இரவுக் குளிரில் கண்ணை மூடும்போதே பகல் வெயில் வந்து தட்டி எழுப்பிவிடும்.

கொட்டைக்கும் இதே கதைதான். ஈரமான குளிரில் ஏறக்குறைய மூன்று மாதம் கிடந்தால்தான் அது வாய் திறக்கும். டின் மண்ணில் எட்டு மாதம் தண்ணீர் குடித்தும் அது பேசாமல் இருந்தது அதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செரிக் கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். அதை மென்றால் வயிற்றில் சயனைட் என்ற நஞ்சு உண்டாகும். தெரியாமல் முழுக்கொட்டை ஒன்றை விழுங்கிவிட்டால் பயப்படத் தேவையில்லை. மென்று தின்பதுதான் ஆபத்து.

சரி, குளிர் வேண்டும் என்றால் எவ்வளவு குளிர் வேண்டும்? குளிர் கூடக்கூட மரத்துக்கு நல்லதா? அப்படியும் இல்லை. இதற்கு லெபனானை விட்டுவிட்டு, குளிரின் கடைசி எல்லைக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

கனடாவின் நடுப்பகுதியில் சஸ்காச்சுவான் என்றொரு மாகாணம் இருக்கிறது. மலை இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. அங்கே மாரி காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்குப் போகும் நாட்களும் உண்டு. உறைபனி இல்லாத காலம் என்று பார்த்தால் வருடத்தில் ஏறக்குறைய நான்கு மாதம்தான். அதற்குள் பூத்து, காய்த்து, பழுத்து முடிய வேண்டும்.

நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் அங்கே குடியேறின. முன்பின் தெரியாத மண்ணில் போய் இறங்கி, தரையைத் திருத்திப் பிழைப்பது எப்படி என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோதுமை விளைந்தது, உருளைக்கிழங்கு விளைந்தது. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பழமரங்கள்தான் நிற்கவில்லை. காட்டில் தானாக விளையும் புளிப்பும் துவர்ப்புமான சிறு பழங்களைப் பறித்துக் காய்ச்சிப் போத்தலில் அடைத்துவைத்துத்தான் மாரியைக் கழித்தார்கள். அந்த மாகாணத்தின் பெரிய நகரமான சஸ்கடூனுக்குப் பெயர் வந்ததே அப்படியொரு காட்டுப் பழத்தால்தான்.

கொண்டுபோன செரி ஏன் செத்தது? இதைப் புரிந்துகொள்ள, குளிர் வரும்போது மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை முட்ட நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்தால் போத்தல் வெடித்துவிடும். தண்ணீர் ஐஸ் ஆகும்போது பருக்கும் என்பதுதான் காரணம். மரத்தின் உடம்பும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிறு அறைகளால் ஆனது. கலம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். ஒவ்வொரு அறைக்குள்ளும் தண்ணீர். அறைக்குள்ளேயே ஐஸ் கட்டினால் அந்த அறை செத்தது.

குளிர்நாட்டு மரம் இதற்கு வெகு நாள் முன்பே ஆயத்தம் பண்ணும். பகல் நேரம் குறுகத் தொடங்கும்போதே அதற்குச் செய்தி எட்டிவிடும். வளர்ச்சியை நிறுத்தும். இலையில் உள்ள சத்தை வாதுக்கும் வேருக்கும் இழுத்துக்கொண்டு இலையை உதிர்த்துவிடும். உடம்பில் சேமித்த மாவுச்சத்தைச் சீனியாக மாற்றும். சீனித் தண்ணீர் வெறும் தண்ணீரைப்போல இலகுவில் உறையாது. பிறகு அறைக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே, அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு அனுப்பிவிடும். ஐஸ் கட்டுவதென்றால் அங்கே கட்டட்டும், உள்ளே வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிற மாதிரி. இந்த ஏற்பாடு ஒரே நாளில் முடிவதில்லை, பல வாரங்கள் எடுக்கும். முழுவதும் முடித்த மரம் நடுமாரியில் தாங்கும் குளிரை, அதே மரத்துக்கு ஆடிமாதத்தில் கொடுத்தால் ஒரே இரவில் கருகிப்போகும்.

பூமொட்டின் சங்கதி வேறு. செரியின் பூமொட்டுக்குள் இருக்கும் தண்ணீர், பூச்சியத்துக்குக் கீழே போன பிறகும் உறையாமலே காத்துக்கொண்டிருக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் சட்டென்று முழுவதும் உறைந்து மொட்டு செத்துவிடும். கடையில் விற்கும் இனிப்புச் செரியின் மொட்டு, பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் பிழைக்காது. மரம் நிற்கும், பழம் இருக்காது. சஸ்காச்சுவானில் மரத்தையும் நம்ப முடியாது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்களில் மரத்தைக் கொல்வது நடுமாரிக் கடுங்குளிர் மட்டுமில்லை. மரம் ஆயத்தமாகும் முன்பே திடீரென்று இறங்கும் குளிர் கொல்லும். நடுவில் நாலு நாள் இளவெயில் காட்டி, மரத்தை ஏமாற்றி எழுப்பிவிட்டு, மறுபடி இறங்கும் குளிர் கொல்லும். எல்லாம் முடிந்து வசந்தம் வந்து, மரம் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும்போது வரும் ஒரே ஓர் இரவுப் பனி, அந்த வருடத்துப் பழம் முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும். நன்றாக விரிந்த பூ, பூச்சியத்துக்குக் கீழே 2 பாகையை அரைமணி நேரம்கூடத் தாங்காமல் உதிரத் தொடங்கும். 4 பாகைக்குப் போனால் பத்துப் பூவில் ஒன்பது போச்சு. மாரியில் 30 பாகைக் குளிரைத் தாங்கிய அதே வாதில் பூத்த பூவுக்கு இந்தக் கதி!

நமது தேயிலையை நினைத்துப் பாருங்கள். தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவில் நுவரெலியாப் பக்கத்து மலைகளில் உறைபனி விழுந்து, "பனி கருக்கிருச்சி" என்று சொல்கிறோமே, அந்தக் குளிர் கனடாக்காரருக்குக் குளிரே இல்லை. ஆனால் தேயிலை இங்கே தூங்குவதில்லை. வருடம் முழுவதும் துளிர்விடும். பூச்சியத்தைத் தொட்டதும் அந்த இளந்துளிரில் ஐஸ் கட்டிவிடுகிறது. பள்ளத்தில் உள்ள மலைதான் முதலில் கருகும், மேட்டில் உள்ளது தப்பிக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம். தண்ணீரைப்போல இறக்கத்தில் ஓடிப் பள்ளத்தில் தேங்கும். செரி நடும் தோட்டக்காரர்களும் இதனால்தான் பள்ளத்தை விட்டுச் சரிவில் நடுகிறார்கள்.

இனி, செத்த மரங்களுக்குப் பதிலாக நிற்கும் மரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ரஷ்யாவில் கோஸ்லோவ் என்ற ஊரில் இவான் மிச்சூரின் (1855–1935) என்றொருவர் இருந்தார். ரயில்வேயில் குமாஸ்தா. கடிகாரம் திருத்தியும் பிழைத்தார். மிஞ்சிய காசையெல்லாம் மரங்களில் போட்டார். தெற்கே வெப்பமான இடத்து நல்ல பழமரங்களைக் கொண்டுவந்து வடக்கே நட்டால், கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழகிக்கொள்ளும் என்று அவரும் முதலில் நம்பினார். மாரி வந்தது, மரங்கள் செத்தன. பல வருட உழைப்பும் கைக்காசும் போன பிறகுதான் வழியை மாற்றினார். வளர்ந்த மரத்தைப் பழக்க முயல்வதை விட்டு, குளிர் தாங்கும் மரத்தின் பூவில் இனிப்பு மரத்தின் மகரந்தத்தைத் தடவி, வரும் விதையை முளைக்கவைத்து, குளிர் தாங்கும் கன்றுகளை மட்டும் பொறுக்கி எடுப்பது. 1888இல் ரஷ்யாவின் விளாதிமிர் புளிச்செரியையும் வெள்ளை இனிப்புச் செரி ஒன்றையும் சேர்த்து அவர் உண்டாக்கிய இனத்துக்கு 'வடக்கின் அழகி' என்று பெயர். பிறகு, கொழுத்த மண்ணில் கன்றுகள் செல்லப்பிள்ளையாக வளர்கின்றன என்று சொல்லி, தவறணையையே மெலிந்த மணல் நிலத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். வசதியான இடத்தை விட்டு வறண்ட இடத்துக்குப் போகிறாரே என்று அக்கம்பக்கத்தவர் என்ன நினைத்திருப்பார்களோ! 1932இல் அந்த ஊருக்கே மிச்சூரின்ஸ்க் என்று அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

ரஷ்யாவின் புல்வெளிகளிலும் சைபீரியாப் பக்கத்திலும் ஒரு செரி உண்டு. மரம் என்று சொல்ல முடியாது, இடுப்பளவு புதர். பழம் சிறியது, வாயில் வைத்தால் முகம் சுளிக்கும் புளிப்பு. ஆனால் எந்தக் குளிருக்கும் அசையாது. சஸ்கடூனில் அரசாங்கத் தவறணை ஒன்றில் வேலை பார்த்த லெஸ் கெர் என்பவர் 1940களில் இந்தப் புதரையும் சமையலுக்கு உதவும் புளிச்செரியையும் சேர்க்கத் தொடங்கினார். ஒரு செரி விதை முளைத்துக் காய்க்கச் சில வருடங்கள் ஆகும். ருசி பார்த்து, மாரியில் நிற்கிறதா என்று பார்த்து, நல்லதை மறுபடி சேர்த்து, அது காய்க்கக் காத்திருந்து... இப்படி ஒரு மனிதரின் ஆயுளே போய்விட்டது. அவர் விட்டுப்போன செடிகளை சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் எடுத்து வேலையைத் தொடர்ந்தது. அதிலிருந்து 'கார்மைன் ஜூவெல்' என்ற இனம் வெளியானது 1999இல். தொடங்கி ஐம்பது வருடத்துக்கு மேல்! 2004இல் ரோமியோ, ஜூலியட், வாலண்டைன் என்றெல்லாம் காதல் பெயர் வைத்து மேலும் ஐந்து இனங்களைக் கொடுத்தார்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளரும் புதர்கள், கருஞ்சிவப்புப் பழம், பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை தாங்கும். அப்படியே தின்றால் புளிப்பும் இனிப்பும் கலந்திருக்கும். ஜாம், பாணிக்கு அருமை என்கிறார்கள்.

இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். அதே கனடாவில், எட்மண்டன் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டுத் தோட்டம். அங்கே பல பத்து வருடமாக ஒரு புளிச்செரி எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் தன்பாட்டில் காய்த்துக்கொண்டிருந்தது. யார் கொண்டுவந்த இனம் என்றும் தெரியாது. 1970களில் அந்தத் தோட்டம் அழிபடப்போகும் நேரத்தில், மாகாண விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த ஈவன் எவன்ஸ் என்பவர் அதைக் கண்டு, வேரடியில் கிளம்பியிருந்த பக்கக் கன்றுகளைத் தோண்டிக்கொண்டு போனார். இன்று குளிர்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் எவன்ஸ் செரி எல்லாம் அந்தக் கன்றுகளின் வம்சம். கொஞ்சம் பிந்தியிருந்தால் மரமும் இல்லை, பெயரும் இல்லை.

பக்கக் கன்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நமது வீ.பீ. தேயிலை எப்படி? தாய்ச் செடியின் ஒரு இலைத்துண்டை வெட்டித் தவறணையில் வேர்விடச் செய்கிறோம். செடி முழுவதும், வேர் உட்பட, அதே தாயின் குணம். குளிர்நாட்டுச் செரியையும் இப்படிச் சொந்த வேரில் வளர்ப்பதே நல்லது என்கிறார்கள். வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுப்போட்ட மரமாக இருந்தால், கடும் மாரியில் மேல்பகுதி செத்துக் கீழேயிருந்து துளிர்ப்பது வேர்ச்செடிதான், நாம் விரும்பிய பழம் வராது. சொந்த வேரில் நின்றால் தரையோடு கருகினாலும் மறுபடி வருவது அதே செரி. புளிச்செரிக்கு மகரந்தம் கொடுக்க இன்னொரு மரமும் தேவையில்லை. ஒன்றே தனியாகக் காய்க்கும்.

அங்குள்ளவர்கள் செரியைப் பராமரிக்கும் விதத்தில் சில நமக்கு வினோதமாக இருக்கும். கோடையின் பிற்பகுதியில் யூரியா போன்ற உரத்தைத் தொடவே மாட்டார்கள். உரம் போட்டால் இளந்துளிர் பொங்கும், அது தூங்கும் நேரத்தில் விளையாடும் பிள்ளை மாதிரி, முதல் குளிரிலேயே மாட்டிக்கொள்ளும். மரத்தின் அடிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அழகுக்கு இல்லை. மாரியில் பிற்பகல் வெயில் தென்மேற்குப் பக்கத்துப் பட்டையில் விழுந்து சூடேற்றும். சூரியன் மறைந்ததும் அதே பட்டை திடீரென்று உறைந்து பிளக்கும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

விழும் பனியை விரட்ட மாட்டார்கள். பனிக்குள்ளே காற்று அடைபட்டிருப்பதால் அது கம்பளி மாதிரி. மேலே கடுங்குளிர் அடிக்கும்போது உள்ளே அவ்வளவு இருக்காது. சைபீரியாவில் பழமரங்களைச் சிறு வயதிலேயே வளைத்து, தரையோடு படரவிட்டு வளர்ப்பவர்கள் உண்டு. மாரியில் மரம் முழுவதும் பனிக்குள் புதைந்து பத்திரமாகக் கிடக்கும். ஆனால் அதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. தரை உறையும் முன்பே கனத்த பனி விழுந்து மூடிவிட்டால், அடிமரத்துப் பட்டை அந்த இளஞ்சூட்டிலும் ஈரத்திலும் அவிந்து அழுகிவிடும். குளிர்நாட்டில் சூட்டால் சாகும் மரம்! அதனால் மேடுகட்டி நடுவார்கள், அடிமரத்தைச் சுற்றியுள்ள பனியில் கம்பால் குத்தித் துளைபோட்டு விடுவார்கள். பழம் சிவந்த பிறகு வேறு வேலை: குருவிகளுக்கு முந்திக்கொண்டு வலை போடுவது.

அந்த அம்மாவை மறுபடி கண்டபோது இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பிரிஜ் உள்ள உறவினர் யாராவது இருந்தால், மிச்சக் கொட்டைகளை ஈர மணலோடு ஒரு பையில் போட்டு, மரக்கறி வைக்கும் தட்டில் மூன்று மாதம் வைத்துப் பாருங்கள் என்றேன். முளைக்கலாம், இலைவிடலாம், ஆனால் பழத்துக்கு நான் பொறுப்பில்லை என்பதையும் சொன்னேன். பழம்தான் வேண்டுமென்றால் எங்கள் மலைக்குப் பழகிய பியர்ஸ் கன்று ஒன்றை வாங்கி வைப்பதே மேல். டவுனில் யாராவது "செரிக் கன்று" என்று விலை சொன்னால், அது இந்த மலையில் எங்கே காய்த்திருக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள்.

டவுனில் மகளின் சிநேகிதி வீட்டில் பிரிஜ் இருக்கிறதாம். ஏழு கொட்டை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். பியர்ஸ் கன்றுக்கும் லயத்துக்குப் பின்னால் குழி தோண்டியாகிவிட்டது.